பட்டத்துக்கு முன்பே வந்த படிப்பு

சிவில் பொறியியல் நம் ஊரில் வளர்ந்த விதம் எளிதில் புரிகிற ஒன்று. 1794இல் சென்னையில் நில அளவை கற்றுத்தரும் சிறு பள்ளியாகத் தொடங்கியது, பின்னால் கிண்டிப் பொறியியல் கல்லூரியானது. அங்கே இளநிலைப் பட்டம் வேரூன்றி வெகுகாலம் ஆன பிறகே முதுநிலையும் முனைவர் ஆய்வும் வந்தன. கீழ்ப்படியிலிருந்து மேலே ஏறும் இந்த வரிசைதான் எல்லாப் படிப்புக்கும் உரியது என்று எண்ணிப் பழகிவிட்டோம். வானூர்திப் பொறியியலாகத் தொடங்கி விண்வெளிப் பொறியியலாக விரிந்த துறை இந்த வரிசைக்குள் அடங்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1914இல் அது முதுநிலைப் பாடமாகத்தான் நுழைந்தது. நான்காண்டு இளநிலைப் படிப்பு 1926இல்தான் வந்தது. பிரிட்டனில் 1946இல் கிரான்ஃபீல்டில் திறந்த வானூர்தியியல் கல்லூரி தொடக்கம் முதலே முதுநிலை மாணவர்களுக்கானது. பட்டம் தரும் உரிமையோ அதற்கு 1969இல்தான் கிடைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1942 டிசம்பரில் பிறந்த வானூர்திப் பொறியியல் துறையும் பட்டம் என்ற ஒன்று இல்லாமலேயே ஒன்றரைப் பத்தாண்டு உயர்கல்வி நடத்தியது. மூன்று நாடுகளில், மூன்று காலங்களில் ஒரே தலைகீழ் வரிசை வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. வேறு துறைகளில் தேறி வந்தவர்கள் ஒரு கருவியைச் சுற்றி உட்கார்ந்து, விடை தெரியாத ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டும் இடமாகவே இத்துறையின் உயர்கல்வி பிறந்தது. பட்டங்களும் பாடத்திட்டங்களும் அந்த இடத்துக்குப் பிற்பாடு வைத்த பெயர்கள்.

அந்த இடம் முதலில் ஜெர்மனியில் அமைந்தது. அமைத்தவர் பறப்பதைப் பற்றி நினைக்காமலேயே அதன் மையக் கேள்விக்கு வந்து சேர்ந்தார். லூட்விக் பிராண்டல் இயந்திரப் பொறியாளர். 1900இல் நியூரம்பர்க் நகரத் தொழிற்சாலை ஒன்றில், பட்டறையில் விழும் சீவல்களை உறிஞ்சி அகற்றும் குழாயமைப்பைச் சீர்செய்யும் வேலை அவருக்கு வந்தது. குழாய் மெல்ல அகலும் இடத்தில் காற்றின் வேகம் குறைய வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும்; ஏட்டுக் கணக்கு அப்படித்தான் சொன்னது. அழுத்தமோ ஏறவில்லை. காற்று குழாய்ச் சுவரை விட்டு விலகி ஓடிவிட்டது. ஏன் விலகுகிறது என்ற கேள்வியை அவர் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது கூடவே எடுத்துக்கொண்டு போனார். 1904இல் ஹைடல்பர்கில் கூடிய கணித மாநாட்டில் எட்டுப் பக்கக் கட்டுரையாக விடை சொன்னார். ஓடும் காற்றோ நீரோ ஒரு பரப்பைத் தொடும் இடத்தில் நகராமல் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் மிக மெல்லிய ஓர் அடுக்குக்குள்தான் வேகம் சுழியிலிருந்து முழு அளவுக்கு ஏறுகிறது. உராய்வின் விளையாட்டு முழுக்க அந்த அடுக்குக்குள் நடக்கிறது. எல்லைப் படலம் என்று இன்று வழங்குவது அதுதான். அதுவரை கணித அறிஞர்களிடம் அழகான சமன்பாடுகள் இருந்தன; அவற்றின்படி சீராக நகரும் பொருளுக்குக் காற்றின் இழுவையே இருக்கக் கூடாது. பொறியாளர்களிடம் அளந்து வைத்த எண்கள் இருந்தன. அவற்றுக்குக் காரணம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த வெற்றிடத்தில்தான் புதிய துறை பிறந்தது. அந்த வெற்றிடத்துக்குப் பாடநூல் கிடையாது. பள்ளி முடித்து வரும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லாத நிலையில், ஒருபக்கக் கல்வியையாவது முடித்தவர்களை வைத்துத்தான் வேலையைத் தொடங்க முடியும்.

பிராண்டல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு ஒரு காட்சியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஹீமென்ஸ் என்ற ஆய்வு மாணவருக்குத் தரப்பட்ட வேலை, நீரோட்டத்தில் ஓர் உருளையை நிறுத்தி அதைச் சுற்றி அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று அளப்பது. உருளைக்குப் பின்னால் நீர் நிலைகொள்ளாமல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை போலும் என்றார் பிராண்டல். ஹீமென்ஸ் அதைக் கடைந்து கடைந்து வட்டமாக்கினார்; ஆட்டம் நிற்கவில்லை. நீர் ஓடும் கால்வாய் இரு பக்கமும் ஒத்திருக்காது என்ற ஐயம் வந்தது, அதையும் திருத்தினார், அப்போதும் நிற்கவில்லை. அங்கே உதவியாளராக இருந்த தியோடர் ஃபான் கார்மான் காலையில் பார்க்கும்போதெல்லாம் ஓட்டம் அமைதியாகிவிட்டதா என்று கேட்பார். இன்னும் ஆடுகிறது என்று வாடிய முகத்தோடு பதில் வரும். பழுது கருவியில் இல்லாவிட்டால் இயற்கையே அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கார்மானுக்குத் தோன்றியது. உருளையின் இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறிக் கழன்று போகும் சுழல்களின் வரிசை ஏன் நிலைக்கிறது என்று 1911இல் கணக்கிட்டுக் காட்டினார். காற்றில் உயர்ந்த புகைபோக்கி ஆடுவதைக் கணிக்கும் இன்றைய பொறியாளர் அந்தச் சுழல் வரிசையை அவர் பெயராலேயே அழைக்கிறார். இந்தச் சம்பவத்தில் ஆசிரியருக்கும் விடை தெரியாது, மாணவருக்கும் தெரியாது. விடை தெரிந்த ஒரே பொருள் நடுவில் இருந்த நீர்க்கால்வாய். உயர்கல்வி என்று இத்துறை பழகிக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான்.

ஏற்பாடு கடல் தாண்டியபோது கருவியும் சேர்ந்தே போனது. அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளரான ஜெரோம் ஹன்சேக்கர் 1913இல் ஐரோப்பாவுக்குப் போய், பாரிஸில் ஐஃபெலின் ஆய்வகத்தையும் கோட்டிங்கனையும் இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வகத்தையும் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் டெடிங்டன் அமைப்பின்படி, மாதிரிகளின் மேல் காற்றைச் செலுத்தி விசையை அளக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டினார். அதை ஒட்டித்தான் மாசசூசெட்ஸின் 1914 வகுப்பு நடந்தது. அங்கே அவருக்குத் துணையாக இருந்த டொனால்ட் டக்ளஸ் இயந்திரப் பொறியியல் படித்தவர். நம் பெரியவர்கள் டகோட்டா என்று சொல்லும் விமானம் பின்னாளில் அவருடைய நிறுவனத்திலிருந்துதான் வந்தது. 1926இல் டேனியல் குகன்ஹைம் 25 லட்சம் டாலர் நிதியம் ஒன்றை அமைத்தபோது, அதன் பெரும் கொடைகள் காற்றுச் சுரங்கங்களாகவும் ஆய்வுக் கூடங்களாகவும் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படி எழுந்த பாசடினா ஆய்வகத்துக்கு, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம் 1930இல் கார்மானையே இயக்குநராக அழைத்துக்கொண்டது. கோட்டிங்கனின் பழக்கம் முழுதாகக் குடிபெயர்ந்தது. 1936 அக்டோபர் 31 அன்று ஃபிராங்க் மலினா என்ற அவருடைய ஆய்வு மாணவரும், பட்டம் எதுவும் இல்லாத நண்பர்கள் சிலரும், ஊருக்கு வெளியே ஒரு வறண்ட ஓடையில் ராக்கெட் எஞ்சின் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்ததே ஜெட் உந்துவிசை ஆய்வகம். அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளை 1958இல் உருவாக்கியது அது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம் அதே 1914இல் இளநிலை மாணவர்களுக்கே வானூர்திப் பாடம் நடத்தத் தொடங்கியது. அப்படியானால் மேலிருந்து கீழ் என்ற வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்துமா? வரிசை எங்கும் அச்சுப் பிசகாமல் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிச்சிகன் அந்தப் பாடத்தை எங்கே வைத்தது என்று பார்க்க வேண்டும்: கப்பல் கட்டும் துறைக்குள், அதன் கிளையாக. வானூர்தி அங்கேயும் இன்னொரு துறையின் தோளில்தான் ஏறி வந்தது. அதே மிச்சிகனில் 1929இல் முதுநிலைப் பட்டம் பெற்ற கனடாவின் எல்சி மெக்கில், வானூர்திப் பொறியியலில் அந்தப் பட்டம் பெற்ற உலகின் முதல் பெண். அவர் முதலில் படித்தது டொராண்டோவில் மின்பொறியியல். இரண்டாம் உலகப் போரில் ஹரிக்கேன் போர் விமானங்களைக் கனடாவில் உற்பத்தி செய்த பொறுப்பு அவர் கையில் இருந்தது. மின்பொறியியலிலிருந்து வந்தவருக்கு முதுநிலை வகுப்பு மேலே ஏறும் படியாக அமையவில்லை. இத்துறைக்குள் நுழையும் வாசலாக அமைந்தது. விதிவிலக்கு என்று காட்டப்படும் இடத்திலேயே விதியும் வேலை செய்திருக்கிறது.

இந்தியாவில் இந்த வாசல் திறந்த கதை பெங்களூரில் நடக்கிறது. வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். போர் நெருங்கியதும் அது நேச நாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பட்டறையாக மாறியது. விமானத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் உருவாயின. அது ஏன் அப்படிப் பறக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. 1942 டிசம்பரில் அறிவியல் கழகத்தில் துறை தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்ப வந்தவர் வி.எம்.காட்கே. கோட்டிங்கனில் பிராண்டலிடமே முனைவர் ஆய்வு முடித்தவர் அவர். ஏற்கெனவே பட்டம் பெற்று வந்த இளைஞர்களுக்குத்தான் வகுப்பு நடந்தது. முதல் ஐ.ஐ.டி.யே 1951இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்தால், கீழ்ப்படி எதுவும் இல்லாத காலத்தில் மேல்படி போடப்பட்டது என்பது விளங்கும். காட்கே பிறகு விமானத் தொழிற்சாலைக்குப் போய், இந்தியாவில் வடிவமைத்த பயிற்சி விமானமான எச்.டி.-2ஐ உருவாக்கினார், 1951 ஆகஸ்டில் அது பறந்தது.

அதே 1951இல்தான் சதீஷ் தவன் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். லாகூரில் கணிதமும் இயற்பியலும் பட்டப்படிப்பு, பிறகு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதன் பிறகு இயந்திரப் பொறியியல். இப்படி ஒரு கலவையோடு மினசோட்டா வழியாகப் பாசடினாவுக்குப் போனவர். அங்கே அவருக்கு வழிகாட்டி ஹான்ஸ் லீப்மன், சூரிச்சில் இயற்பியல் படித்துவிட்டுக் கார்மானின் ஆய்வகத்துக்கு வந்தவர். தவன் எடுத்துக்கொண்ட கேள்வி சொல்வதற்கு எளிது: ஒரு தட்டையான பரப்பின் மேல் ஓடும் காற்று அந்தப் பரப்பை எவ்வளவு விசையோடு உரசி இழுக்கிறது? அதுவரை பெரும்பாலும் சுற்றுவழியில் கணக்கிட்டதை அவர் நேரடியாக அளக்க முனைந்தார். பரப்பில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி, சுற்றிலும் முடியளவு இடைவெளி விட்டு, மெல்லிய தாங்கிகளின் மேல் மிதக்க விட்டார். காற்று உரசும்போது துண்டு இம்மியளவு நகரும்; அந்த நகர்வை மின்குறியாக மாற்றிப் படித்தால் விசை கிடைத்துவிடும். சொல்வதற்குத்தான் எளிது. துண்டு சுற்றுப்பரப்பைவிட மயிரிழை மேலே நின்றாலோ கீழே தாழ்ந்தாலோ, அளப்பது உராய்வாக இருக்காது. துண்டின் விளிம்பில் மோதும் காற்றாகிவிடும். ஒலியைவிட மெதுவான ஓட்டத்திலும் ஒலியை விஞ்சும் ஓட்டத்திலும் அவர் எடுத்த அளவுகள் அமெரிக்க வானூர்திக் குழுவின் அறிக்கையாக வெளிவந்தன. பெங்களூருக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஒலியை விஞ்சும் காற்றுச் சுரங்கத்தைச் சிறிய அளவிலாவது அமைத்தது. காற்றை அழுத்தித் தொட்டியில் அடைத்து வைத்து, திறந்துவிட்டதும் சில நொடிகளுக்குள் அளவெடுத்து முடிக்க வேண்டிய வகை அது. 1955இல் துறைத் தலைவரானார், 1962இல் கழகத்தின் இயக்குநரானார். இதற்கிடையில் 14 அடிக்கு 9 அடி வாய் கொண்ட பெரிய சுரங்கமும் அங்கே எழுந்துவிட்டது. பாடத்திட்டத்தைத் திருத்தும் முன் கருவியைக் கட்டுவது என்ற பழக்கம் கோட்டிங்கனிலிருந்து பாசடினா வழியாக அப்படியே வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் போரும் பணமும்தான் காரணம், கேள்வியும் கருவியும் என்று அழகுபடுத்துவது எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. முதல் உலகப் போரில் கோட்டிங்கனின் சுரங்கத்துக்கு ஜெர்மன் ராணுவம் பணம் கொடுத்தது. பெங்களூரின் துறை போரின் நடுவில் பிறந்தது. கிரான்ஃபீல்ட் ஒரு விமானப் படைத் தளத்தின் மேலேயே குடியேறியது. போர் இல்லாவிட்டால் இந்தக் கட்டடங்கள் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டா. ஆனால் போர்க்காலத்துப் பணம் தேடியது பழுதுபார்ப்பவர்களையும் ஓட்டுபவர்களையும். அவர்களுக்குச் சில மாதப் பயிற்சி போதும். போர் முடிந்து ஆர்டர்கள் நின்ற பிறகும் பெங்களூரின் துறை மூடப்படாமல், முன்னிலும் கடினமான கேள்விகளுக்குள் போனது ஏன் என்பதைப் பணம் விளக்காது. விதை யார் வாங்கிக் கொடுத்தது என்பது ஒரு கேள்வி. அது எந்த மண்ணில் பிடித்தது என்பது வேறு கேள்வி.

இன்னொரு மறுப்பு தமிழ் வாசகருக்கு மிக அருகில் உள்ளது: அப்துல் கலாம் முனைவர் ஆய்வு செய்தவர் இல்லையே? உண்மைதான், அவர் பெற்றவை மதிப்புறு முனைவர் பட்டங்கள். ஆனால் அவர் படித்த படிப்பின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சி.ராஜம் தன் வீட்டையே விற்று 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) அன்று பள்ளி முடித்தவர்களைச் சேர்க்கவில்லை. பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கான மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு அது. கலாமும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டுத்தான் அங்கே போனார். பறந்து ஓய்ந்த விமானங்கள் வளாகத்தில் நின்றன. ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஸ்பாண்டர் காற்றியக்கவியல் கற்பித்தார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி மாணவர் குழுவுக்குத் தரப்பட்டதையும், வேலை தேங்கியபோது மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று இயக்குநர் சீனிவாசன் எச்சரித்ததையும் கலாம் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். பட்டயம் என்று பெயர் இருந்தாலும், வேறு துறையில் தேறி வந்தவர்கள் ஒரு பொருளைச் சுற்றி உட்கார்ந்து விடை தேடும் அதே ஏற்பாடுதான் அது. பின்னாளில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979இல் கடலில் விழுந்து 1980 ஜூலை 18 அன்று வெற்றி கண்டபோது, திட்ட இயக்குநர் கலாம், இஸ்ரோ தலைவர் தவன். முனைவர் பட்டம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது என்றால், இருவரையும் சேர்த்தது பட்டம் இல்லை என்பது தெளிவு. கலாமின் உதாரணம் இந்த வாதத்தைக் கலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

உயர்கல்வி கற்றவர்கள் அயல்நாட்டிலேயே தங்கிவிடுகிறார்கள், நாட்டுக்கு என்ன மிச்சம் என்ற ஆதங்கமும் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது; கோட்டிங்கனிலோ பாசடினாவிலோ கற்ற ஒருவர் திரும்பி வராவிட்டால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகும். கார்மானிடம் 1939இல் முனைவர் பட்டம் பெற்ற சியென் சூசன் அமெரிக்காவிலேயே தங்க விரும்பியவர்தான். 1950இல் அரசு அவர்மீது சந்தேகப்பட்டு முடக்கியது. 1955இல் சீனா போய்ச் சேர்ந்த அவர் அந்நாட்டு ஏவுகணைத் திட்டத்தின் தூணானார். தவனை யாரும் துரத்தவில்லை. அவர் திரும்பியதற்கு அவருடைய மனம் ஒரு காரணம். திரும்பி வர ஓர் இடம் இருந்தது இன்னொரு காரணம். 1942இலேயே பெங்களூரில் ஒரு துறை தொடங்கியிருந்ததால்தான் 1951இல் அவருக்கு அங்கே வேலை செய்ய இடம் கிடைத்தது. கீழ்ப்படிகள் எல்லாம் தயாரான பிறகு மேல்படி போடலாம் என்று காத்திருந்தால் அந்த இடம் இருந்திருக்காது.

இப்போது கணினி வந்துவிட்டதே, காற்றுச் சுரங்கத்தின் காலம் முடியவில்லையா என்பது கடைசி மறுப்பு. மாணவர் ஒருவர் தன் மேசையிலேயே இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிட்டு வண்ணப் படமாகப் பார்க்க முடிகிறது என்பது மெய். ஆனால் முழு விமானம் ஒன்றைச் சுற்றி எழும் கொந்தளிப்பின் ஒவ்வொரு சுழலையும் கணக்கிடும் வலு இன்றைய கணினிக்கும் கிடையாது. அதனால் கொந்தளிப்பைச் சுருக்கிச் சொல்லும் மாதிரிகளை நிரலுக்குள் வைக்கிறார்கள். அந்த மாதிரிகளில் இருக்கும் எண்கள் யாரோ ஒருவர் எங்கோ ஒரு சுரங்கத்தில் உட்கார்ந்து அளந்தவை. வண்ணப் படம் சரிதானா என்று கேட்கத் தெரிவதற்கே ஹீமென்ஸின் பொறுமை வேண்டியிருக்கிறது. கருவியின் உருவம் மாறலாம். விடையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, முகத்துக்காகச் சம்மதம் சொல்லாத ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை.

அந்த நிபந்தனை மட்டும் இருந்தால் பட்டம் எவ்வளவு பின்னால் வந்தாலும் போதும் என்பதற்கு 1958ஐவிட நல்ல சாட்சி கிடைக்காது. மைசூர் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்த ரோத்தம் நரசிம்மா தவனிடம் வந்து சேர்ந்து, சீராக ஓடும் எல்லைப் படலம் எந்த இடத்தில், எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது என்ற கேள்வியில் இறங்கினார். அன்று கழகத்துக்குப் பட்டம் தரும் உரிமை இல்லை. பட்டயமும் அதற்கு மேல் அசோசியேட் என்ற சான்றும்தான் தர முடியும். அவர் பெற்றவையும் அவைதான். மாற்றம் ஒரே கோட்டில் நடப்பதில்லை, ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் கொந்தளிப்பு முளைத்துப் பரவுகிறது என்பதைப் பெங்களூர்ச் சுரங்கத்தின் அளவுகளை வைத்துக் கணக்காக்கி, தவனும் அவரும் எழுதிய கட்டுரை 1958இல் வெளிவந்தது. டர்பைன் இறக்கைகளை வடிவமைப்பவர்கள் இன்றும் அந்தக் கணக்கைக் கையாள்கிறார்கள். அதே 1958இல்தான் இந்திய அறிவியல் கழகம் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, பட்டம் வழங்கத் தொடங்கியது.